திரும்பாத விமானமும் ஒரு செய்தி

2016 ஜூலை 22 காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்.-32 விமானம் வங்கக் கடலுக்கு மேல் காணாமல் போனது. உள்ளே 29 பேர். கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின, துரும்பும் கிடைக்கவில்லை. அதன் சிதைவுகள் 3,400 மீட்டர் ஆழத்தில் கிடப்பதைச் சென்னைக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி படம் பிடித்த செய்தி வெளிவர 2024 ஜனவரி ஆயிற்று.

விமானம் மறைந்தபோது எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். இத்தனை ரேடாரும் செயற்கைக்கோளும் இருந்தும் ஒரு விமானம் எப்படிக் காணாமல் போகும்? இதற்குள்ளே இன்னொரு கேள்வி இருக்கிறது. தடயம் ஒன்றுமே இல்லாதபோது, ‘கப்பலை இந்தப் பக்கம் அனுப்பு, விமானத்தை அந்தப் பக்கம் அனுப்பு’ என்று யாரோ ஒருவர் உத்தரவு போடுகிறாரே, அவர் எதை வைத்துப் போடுகிறார்?

அதற்கு ஒரு கணக்கு உண்டு. அதை இரண்டாம் உலகப் போரின் கடல் ரோந்து விமானங்களின் கதையோடு சேர்த்துப் பார்ப்பதே நல்லது. அவை எதிரிக் கப்பலைத் தேடிப் போனவை. பல சமயம் அவையே தேடப்பட வேண்டியவை ஆகிவிட்டன. நம் வாசலுக்கு வெகு அருகே, இலங்கைக் கடலில், 1942 ஏப்ரலின் ஐந்தாறு நாட்களுக்குள் அப்படி மூன்று விமானங்கள் போயின.

கோவிலூருக்கு மேலே 600 மீட்டர்

முதலில் கண்ணால் எவ்வளவு தூரம் பார்க்கலாம் என்பதைத் தெரிந்துகொள்வோம். காரைக்குடியை ஒட்டிய கோவிலூரை எடுத்துக்கொள்ளலாம். கொற்றவாளீஸ்வரர் கோயிலும் வேதாந்த மடாலயமும் உள்ள ஊர். கோயில் குளத்துக்கு நேர் மேலே 600 மீட்டர் உயரத்தில் ஒரு விமானம் வட்டமிடுவதாக வைத்துக்கொள்வோம். அன்றைய ரோந்து விமானங்கள் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் பறந்தன.

பூமி உருண்டை என்பதால் பார்வைக்கு ஓர் எல்லை உண்டு. 600 மீட்டர் உயரத்துக்கு அந்த எல்லை, அதாவது தொடுவானம், 87 கிலோமீட்டர். மேற்கே மதுரை இதற்குள் வந்துவிடும். வடக்கே திருச்சியும் வந்துவிடும். தஞ்சாவூர் விளிம்பில் நிற்கும். தென்கிழக்கே 45 கிலோமீட்டரில் தொண்டிக் கடற்கரை, அதற்கப்பால் பாக் நீரிணையின் ஒரு பகுதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து மலைக்கோட்டை தெரியுமா? மேகமும் தூசியும் இல்லாத காலையில், எங்கே பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தவருக்கு ஒரு புள்ளியாகத் தெரியலாம். தொண்டியில் நிற்கும் விசைப்படகு சுத்தமாகத் தெரியாது.

தொடுவானம் என்பது பார்வையின் எல்லை. கண்டுபிடிக்கும் தூரம் வேறு, அது இன்னும் குறைவு. கடலில் வெயில் பளபளக்கும், மழைத்திரை தொங்கும், அலை நுரைக்கும். பத்து மணி நேரம் நீரையே பார்த்துக்கொண்டிருந்த கண் சோர்ந்து போயிருக்கும். பெரிய போர்க்கப்பல் என்றாலும் இருபது கிலோமீட்டரில் நம்பிக்கையோடு கண்டுபிடிக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் இருபது, வலப்பக்கம் இருபது: ஆக விமானம் 40 கிலோமீட்டர் அகலத்தில் கடலைப் பெருக்கிக்கொண்டு போகிறது. இதைத் ‘துழாவு அகலம்’ என்போம்.

மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் ஒரு மணி நேரத்தில் 8,000 சதுர கிலோமீட்டரைத் துழாவும். சிவகங்கை மாவட்டத்தைப் போல இரண்டு மடங்கு. பெரிய வேலைதான். இனி கடலைப் பாருங்கள். இலங்கையின் தென்கிழக்கே 600 கிலோமீட்டர் வரை விரியும் கால்வட்டம் 2,80,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், அதாவது இரண்டு தமிழ்நாடு. ஒற்றை விமானம் முப்பத்தைந்து மணி நேரம் நிற்காமல் பறக்க வேண்டும். அந்த நேரத்தில் எதிரி ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. மணிக்கு 37 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கப்பற்படை பன்னிரண்டு மணி நேரத்தில் 440 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். காலையில் துழாவி ‘ஒன்றுமில்லை’ என்று கோடு போட்ட கட்டத்துக்குள் மாலையில் அவர்கள் நுழைந்திருக்கலாம்.

கொக்கலையின் பறக்கும் படகுகள்

காலிக்குப் பக்கத்தில் கொக்கலை என்று ஒரு கடலேரி. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர். போருக்காக ஊரையே காலி செய்து, ஏரியைப் பறக்கும் படகுகளுக்கான தளமாக்கினார்கள். அவருடைய வீடு மட்டும் தப்பியது, இன்று அது அருங்காட்சியகம்.

பறக்கும் படகு என்றால் நீரிலிருந்தே எழும்பி நீரிலேயே இறங்கும் விமானம். இங்கே இருந்தவை அமெரிக்கத் தயாரிப்பான கேட்டலினா. இறக்கையின் நீளம் முனைக்கு முனை 31 மீட்டருக்கு மேல். இரண்டு எஞ்சின். இருபது மணி நேரத்துக்கும் மேல் வானில் நிற்கும். உள்ளே படுக்க இடம் உண்டு, சமைத்துக்கொள்ளச் சின்ன அடுப்பும் உண்டு. பின்பக்கம் இருபுறமும் கண்ணாடிக் குமிழ் போலப் புடைத்த ஜன்னல்கள். அதற்குள் உட்கார்ந்து கீழே பார்ப்பதுதான் போரில் அந்த மனிதர்களின் வேலை. ஒன்பது பேர் கொண்ட குழு முறைவைத்துக் கண்ணை மாற்றிக்கொள்ளும்.

இத்தனை நேரம் பறக்கக் கொடுத்த விலை வேகம். அவசரத்தில்கூடக் கேட்டலினா மணிக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடாது. ஜப்பானின் ஜீரோ சண்டை விமானம் 500-ஐத் தாண்டும். மெதுவாகப் போனால்தான் நன்றாகத் தேட முடியும், நன்றாகத் தேடுகிறவரால் தப்பி ஓட முடியாது. இந்தச் சிக்கல் அன்றோடு தீர்ந்ததில்லை. 1971 டிசம்பர் 9 இரவு நம் ஐ.என்.எஸ். குக்ரி கப்பலைப் பாகிஸ்தானின் ஹாங்கோர் நீர்மூழ்கி மூழ்கடித்தது. மறுநாள், அரபிக் கடலின் வடபகுதியில் பறந்த இந்தியக் கடற்படை 310-ஆம் ஸ்குவாட்ரனின் அலிசே ரோந்து விமானத்தைப் பாகிஸ்தானின் எஃப்-104 போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. ஒலியைப்போல் இரு மடங்கு வேகம் போகும் ஜெட்டுக்கு முன்னால் விசிறி எஞ்சின் விமானம் என்ன செய்யும்? அசோக் ராய், சிரோஹி, விஜயன் மூவரும் திரும்பவில்லை.

சாமர்வில் போட்ட கணக்கு

1942-க்கு வருவோம். மார்ச் 8-இல் ரங்கூன் விழுந்தது. அடுத்து இலங்கை என்று எல்லோருக்கும் தெரியும். இரகசியச் சங்கேதங்களை உடைத்துப் படித்ததில், ஏப்ரல் முதல் தேதியை ஒட்டிக் கொழும்பைத் தாக்க ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் வரும் என்று பிரிட்டிஷ் கடற்படைக்குத் துப்பு கிடைத்தது. அட்மிரல் சாமர்வில் தன் கப்பல்களை இலங்கைக்குத் தெற்கே கூட்டிவைத்துக்கொண்டு காத்திருந்தார். கேட்டலினாக்கள் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தன. முதல் தேதி ஒன்றுமில்லை. இரண்டாம் தேதியும் ஒன்றுமில்லை.

பழைய போர்க்கப்பல்களில் குடிநீர் தீர்ந்துகொண்டிருந்தது. சாமர்வில், துப்பு தப்பு என்றோ தாக்குதல் தள்ளிப்போய்விட்டது என்றோ முடிவுக்கு வந்து, மாலத்தீவின் தென்கோடியிலுள்ள அட்டு பவளத்தீவுக்குப் படையோடு போய்விட்டார். டார்செட்ஷைர், கார்ன்வால் என்ற இரண்டு குரூசர்களைக் கொழும்புக்கும், ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கியைத் திருகோணமலைக்கும் அனுப்பினார்.

அவரைக் குறை சொல்வது எளிது. தண்ணீர் இல்லாமல் கப்பல் நிற்காது என்பதும் உண்மை. ஆனால் கணக்கில் ஒரு பிழை நிகழ்ந்தது. ‘பார்த்தோம், காணவில்லை’ என்பதை ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டார். துழாவு அகலத்தை நினைத்துப் பாருங்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய விமானங்கள் இரண்டு தமிழ்நாடு அளவு கடலைப் பார்த்துவிட்டு ‘காணவில்லை’ என்றால், அந்தச் சொல்லுக்கு எவ்வளவு எடை தரலாம்?

நாலாம் தேதி மாலை

413-ஆம் ஸ்குவாட்ரன் கனடாக்காரர்களுடையது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் குளிரில் பறந்துகொண்டிருந்தவர்களை அவசரமாகக் கொக்கலைக்கு அனுப்பினார்கள். அதன் தலைவர் லியனார்ட் பர்ச்சல் வந்து இறங்கியது ஏப்ரல் 2. நாலாம் தேதி விடியுமுன் முதல் ரோந்துக்குக் கிளம்பினார்.

பன்னிரண்டு மணி நேரம்போலப் பறந்தபின், மாலை நான்கு மணி வாக்கில், தெற்கே தொடுவானத்தில் ஒரு புள்ளி. இலங்கைக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 580 கிலோமீட்டரில் இருந்தார்கள். காரைக்குடியிலிருந்து சென்னை போய், அதற்கு அப்பாலும் ஆந்திராவுக்குள் நுழைகிற தூரம்.

இங்கேதான் ரோந்துக்காரரின் தர்மசங்கடம். ‘ஒரு கப்பலைக் கண்டேன்’ என்ற செய்தியால் பெரிய பயன் இல்லை. எத்தனை கப்பல், என்ன வகை, எந்தத் திசை, என்ன வேகம் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பக்கத்தில் போக வேண்டும். போகப் போக ஒரு புள்ளி இரண்டாகிறது, இரண்டு பத்தாகிறது. அது அட்மிரல் நகுமோவின் படை: பேர்ல் ஹார்பரைத் தாக்கிய ஆறு விமானந்தாங்கிகளில் ஐந்து, கூடவே நான்கு போர்க்கப்பல்கள். அந்தக் கப்பல்களில் அப்போது ரேடார் கிடையாது. அவர்களும் கண்ணால்தான் பார்த்தார்கள். நடுக்கடலின் வெளிச்ச வானத்தில் கேட்டலினா ஒரு கறுப்புப் பூச்சி.

யார் யாரை முதலில் பார்க்கிறார்கள் என்பதே இந்த விளையாட்டில் பாதி. பிரிட்டிஷ் கடலோர விமானப்படையில் பேட்ரிக் பிளாக்கெட் தலைமையில் இயங்கிய விஞ்ஞானிகள் இதை அளந்தே பார்த்தார்கள். கறுப்பு வண்ணம் பூசிய ரோந்து விமானம் வானப் பின்னணியில் துருத்தித் தெரிகிறது, அடிப்பாகத்துக்கு வெள்ளை பூசுங்கள் என்றார்கள். வெள்ளை பூசிய விமானத்தை நீர்மூழ்கிக்காரர் இன்னும் நெருங்கி வந்தபின்புதான் கண்டார். குண்டை மாற்றவில்லை, எஞ்சினை மாற்றவில்லை, ஒரு டப்பா பெயின்ட்தான். பிளாக்கெட் பிறகு 1948-இல் இயற்பியல் நோபல் பரிசு வாங்கியவர். சுதந்திர இந்தியாவின் பாதுகாப்பு ஆராய்ச்சி எப்படி அமைய வேண்டும் என்று நேருவுக்கு ஆலோசனை சொன்னவரும் அவரே.

பர்ச்சலின் வானொலிக்காரர் செய்தியைச் சங்கேதத்தில் தட்டத் தொடங்கினார். மூன்று முறை அனுப்புவது வழக்கம். மூன்றாம் முறை போய்க்கொண்டிருந்தபோது ஜீரோக்களின் குண்டுகள் வானொலியை உடைத்தன. எரிபொருள் தொட்டியில் தீப்பிடித்தது. பர்ச்சல் எப்படியோ விமானத்தைக் கடலில் இறக்கினார். ஒன்பது பேரில் மூவர் இறந்தார்கள். ஆறு பேரை ஐசொகாசே என்ற நாசகாரிக் கப்பல் நீரிலிருந்து இழுத்துப் போட்டது. செய்தி அனுப்பினாயா என்ற கேள்விக்கு, இல்லை என்று அடித்துச் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து ‘மறுபடி அனுப்பு’ என்று வானொலியில் கேட்டார்கள். ஜப்பானியர் காதிலும் அது விழுந்தது. அடி பலமாக விழுந்தது. பர்ச்சல் போர் முடியும்வரை ஜப்பானில் கைதி.

கொழும்புக்கு ஓர் இரவு அவகாசம் கிடைத்தது. துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் வெளியேறின. அன்றிரவே நகுமோவைப் பின்தொடரப் போன 205-ஆம் ஸ்குவாட்ரனின் கேட்டலினா ஒன்றும், கிரகாம் என்ற விமானியுடனும் குழுவினர் அனைவருடனும், மறுநாள் காலைக்குள் வீழ்ந்தது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. காலையில் தாக்குதல் வந்தபோது ரத்மலானைத் தளத்தின் சண்டை விமானங்கள் தரையில் நின்றிருந்தன. முந்திய மாலையே எச்சரிக்கை வந்திருந்தும், தலைக்கு மேல் சத்தம் கேட்டபின்புதான் ஓடினார்கள். எச்சரிக்கையைக் கேட்டு இரவோடு இரவாகச் சாமர்விலோடு சேரக் கொழும்பை விட்டுக் கிளம்பிய டார்செட்ஷைரும் கார்ன்வாலும் பிற்பகலில் நடுக்கடலில் அகப்பட்டன. 424 பேர் இறந்தார்கள்.

பர்ச்சலை ‘இலங்கையின் மீட்பர்’ என்று பின்னாளில் கொண்டாடினார்கள். என் கணிப்பில் அந்தப் பட்டம் கொஞ்சம் அதிகம். அவர் சொன்ன செய்தி சரியானது. கேட்டவர்கள் அதை வைத்துச் செய்தவற்றில் பாதி பலிக்கவில்லை.

ஆயிரம் நாள்

ஒன்பதாம் தேதி நகுமோ திருகோணமலையைத் தாக்கினார். அன்று காலை 413-இன் இன்னொரு கேட்டலினா, தாமஸ் என்ற விமானி ஓட்டியது, எதிரியைக் கண்டு செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே குரல் நின்றது. அதிலிருந்து ஒருவரும் மீளவில்லை. அன்றே மட்டக்களப்புக்கு எதிரே ஹெர்மிஸ் மூழ்கியது, 307 பேரோடு.

பாதியில் நின்ற செய்தியாவது செய்தி. ஒரு சொல்லும் அனுப்பாமலே விமானம் திரும்பாமல் போனால் அதற்கு என்ன பொருள்? விபத்தா, எதிரியா? இந்த அத்தியாயத்தின் மையக் கணக்கு இதுதான். எண்கள் நானே எளிமைக்காக வைத்துக்கொண்டவை. முறை மட்டும் அசல்.

கடலைப் பத்துக் கூறாகப் பிரித்து, கூறுக்கு ஒரு விமானம் அனுப்புகிறோம். எதிரி ஏதோ ஒரு கூறில் இருக்கிறான், எது என்று தெரியாது. நான்காம் கூறை மட்டும் கவனிப்போம். இப்படி ஆயிரம் நாள் நடப்பதாகக் கற்பனை செய்யுங்கள். எதிரி நான்காம் கூறில் இருக்கும் நாட்கள் நூறு, இல்லாத நாட்கள் தொள்ளாயிரம்.

அந்த நூறு நாளில் என்னென்ன நடக்கும்? முப்பது நாள் நம் குழு எதிரியைக் கண்டு செய்தி அனுப்பிவிடும். இருபது நாள் செய்தி அனுப்புமுன் சுடப்பட்டு மறைந்துவிடும். மீதி ஐம்பது நாள் மழைத்திரைக்குப் பின்னே எதிரியைத் தவறவிட்டு, ஒன்றும் அறியாமல் திரும்பி வந்து ‘காணவில்லை’ என்று எழுதிவிட்டுத் தூங்கப் போகும்.

எதிரி இல்லாத தொள்ளாயிரம் நாளிலும் ஆபத்து உண்டு: எஞ்சின் கோளாறு, புயல், வழி தவறி எரிபொருள் தீர்தல். நூற்றுக்கு ஒன்று என்று கொண்டால் ஒன்பது நாள் விமானம் திரும்பாது. மீதி 891 நாள் ‘காணவில்லை’ என்று திரும்பும், அது மெய்யாகவே இல்லாததால்.

இப்போது தலைமையகத்தின் நாற்காலியில் உட்காருங்கள். நான்காம் கூறு விமானம் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்தது. அப்படி மறைந்த நாட்கள் மொத்தம் 29. அவற்றில் 20-இல் எதிரி அங்கே இருந்தான். ஆக எதிரி நான்காம் கூறில் இருப்பதற்கான வாய்ப்பு காலையில் நூற்றுக்குப் பத்தாக இருந்தது, மாலையில் ஏறக்குறைய எழுபதாகிவிட்டது. ஒரு சொல்லும் வராமல்!

விமானம் பத்திரமாகத் திரும்பி ‘காணவில்லை’ என்றால்? அப்படிப்பட்ட நாட்கள் 50-ம் 891-ம் சேர்ந்து 941. எதிரி இருந்தவை ஐம்பது. வாய்ப்பு பத்திலிருந்து ஐந்துக்கு இறங்குகிறது. பாதியாகிறதே தவிரப் பூச்சியமாகவில்லை. சாமர்வில் தவறவிட்ட இடம் இந்த மிச்சமிருக்கும் ஐந்துதான்.

காலையில் கையிலிருக்கும் வாய்ப்பை ‘முன் எடை’ என்றும், தகவல் வந்தபின் திருத்திய வாய்ப்பைப் ‘பின் எடை’ என்றும் சொல்லலாம். இந்தத் திருத்தும் முறையை எழுதிவைத்தவர் தாமஸ் பேயிஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். 1761-இல் இறந்தார். 1763-இல் அவருடைய நண்பர் அதை அச்சேற்றினார். போரின்போது அமெரிக்கக் கடற்படைக்காக பெர்னார்ட் கூப்மன் என்ற கணிதரும் அவர் கூட்டாளிகளும், கடலில் தேடுவதற்கென்றே தனிக் கணிதம் ஒன்றை உருவாக்கினார்கள். ‘தேடல் கணிதம்’ என்று அதைச் சொல்லலாம். குறைந்த விமானம், குறைந்த நேரம், பெரிய கடல்: எங்கே எவ்வளவு நேரம் செலவிட்டால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு அதிகம் என்பதே அதன் கேள்வி.

பருவமழையும் ரங்கூன் தபாலும்

அதே ஆயிரம் நாளைப் பருவமழைக் காலத்துக்கு மாற்றுங்கள். விபத்து நூற்றுக்கு ஒன்று என்பது பத்தாகிவிட்டது. எதிரி இல்லாத நாட்களில் மறையும் விமானங்கள் ஒன்பதுக்குப் பதில் தொண்ணூறு. மறைந்த நாட்கள் 110, அதில் எதிரியால் மறைந்தவை 20. பின் எடை பதினெட்டுதான். மௌனம் அதே மௌனம், ஆனால் சொல்லும் செய்தி வெகுவாக இளைத்துவிட்டது. கடல் ரோந்துப் படைகளின் இழப்புப் பட்டியலில் இது வெறும் கணக்கல்ல. பிரிட்டிஷ் கடலோர விமானப்படையில் போர் முழுக்க 5,800-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் எதிரியைக் கண்ணால் பார்க்காமலே மலையில் மோதியும் மூடுபனியில் வழி தவறியும் போனவர்கள் ஏராளம்.

எப்போதும் தொலையும் விமானம் தொலைந்தால் பெரிய செய்தியில்லை. எப்போதும் பேசும் விமானம் பேசாவிட்டால் அது செய்தி. செட்டிநாட்டுக்கு இது 1942-லேயே பழகிய விஷயம். பர்மாவில் கடை வைத்திருந்தவர்களின் கடிதத்துக்காகக் கோவிலூரைச் சுற்றிய ஊர்களில் வீடு வீடாகக் காத்திருந்தார்கள். மாதாமாதம் ஒழுங்காக எழுதுகிறவரிடமிருந்து சமாதான காலத்தில் கடிதம் நின்றால் அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பொருள். ரங்கூன் விழுந்தபின் எல்லோருடைய கடிதமும் நின்றுபோனது. ஊர் திரும்ப உயிரோடு அரக்கான் மலைகளில் நடந்துகொண்டிருந்தவரின் மௌனமும் வழியில் காலராவில் இறந்தவரின் மௌனமும் வீட்டுக்கு ஒரே மாதிரிதான் கேட்டன. தபால்காரர் வராததிலிருந்து எதையும் கண்டறிய வழியில்லை.

கொக்கலையிலிருந்தே இதற்கு எதிர்மாறான உதாரணமும் உண்டு. 1943-இலிருந்து 1945 வரை ஆஸ்திரேலிய குவாண்டாஸ் நிறுவனம் பெர்த்துக்கும் கொக்கலைக்கும் இடையே கேட்டலினாக்களை ஓட்டியது. ஜப்பானியர் பிடியிலிருந்த கடலைத் தாண்டி, 27-இலிருந்து 33 மணி நேரம் வரை இறங்காமல் பறத்தல். பயணிகள் ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம் பார்த்தார்கள். எதிரிக்குக் கேட்கும் என்பதால் வழிநெடுக வானொலி மௌனம். 271 பயணம், ஒரு விமானமும் தொலையவில்லை. இங்கே முப்பது மணி நேர மௌனத்துக்கு அர்த்தமே கிடையாது. வந்து சேர வேண்டிய நேரம் கடந்த பிறகுதான் கவலைப்பட வேண்டும்.

கத்தாத பெட்டி

2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் 447 விமானம் அட்லாண்டிக்கில் விழுந்தது. 228 பேர். விமானத்தின் கறுப்புப் பெட்டிகளில் நீருக்கடியில் ஒரு மாதம் ‘டிக், டிக்’ என்று ஒலியெழுப்பும் கருவி உண்டு. கடைசியாக இடம் தெரிந்த புள்ளியைச் சுற்றிக் கப்பல்கள் காதை வைத்துக் கேட்டன. சத்தமில்லை. ஆகவே அங்கே இல்லை என்று வேறு வேறு இடங்களில் இரண்டு ஆண்டு தேடினார்கள்.

பிறகு கணிதர்களைக் கூப்பிட்டு, முன் எடை பின் எடைக் கணக்கை முதலிலிருந்து போடச் சொன்னார்கள். அவர்கள் ஒரு சந்தேகத்தைச் சேர்த்தார்கள்: மோதலில் ஒலிக்கருவிகள் இரண்டுமே கெட்டுப்போயிருந்தால்? அப்படியானால் ‘சத்தமில்லை’ என்பதற்கு எடை மிகக் குறைவு. அந்த எடையைக் குறைத்ததும் வரைபடத்தில் கனம் மறுபடி கடைசிப் புள்ளிக்குப் பக்கத்திலேயே வந்து குவிந்தது. 2011 ஏப்ரலில் அங்கே தேடி, ஒரு வாரம்போலத்தான் ஆனது, கண்டுபிடித்தார்கள். கடைசிப் புள்ளியிலிருந்து 12 கிலோமீட்டர் தூரம், 3,900 மீட்டர் ஆழம். இரண்டு ஆண்டுகள் முன்பு காதை வைத்துக் கேட்டுவிட்டு விலகிப் போன இடம்தான்.

நிமிடத்துக்கு ஒரு தரம்

இதெல்லாம் பார்த்தபின் உலக சிவில் விமான அமைப்பு செய்தது என்ன தெரியுமா? மௌனத்துக்கு ஏற்கெனவே இருந்த கெடுவை இன்னும் இறுக்கியது. பேச வேண்டிய நேரத்தில் விமானம் பேசாமல் அரை மணி கடந்தால் ‘ஐய நிலை’, அதற்குமேல் ‘உஷார் நிலை’, பிறகு ‘ஆபத்து நிலை’ என்று கட்டுப்பாட்டு அறை படிப்படியாக ஏறும் விதி பழையது. வங்கக் கடலுக்கு மேல் அந்தக் கடமை பெரும்பாலும் சென்னைக்கு. மலேசிய விமானம் எம்.எச்.370 2014-இல் மறைந்தபிறகு, பெரிய பயணிகள் விமானங்கள் பெருங்கடலில் 15 நிமிடத்துக்கு ஒரு தரமாவது இடம் தெரியும்படி இருக்க வேண்டும் என்றார்கள்.

பதினைந்து நிமிடம் என்றால் குறைவுபோலத் தெரிகிறது. மணிக்கு 900 கிலோமீட்டர் போகும் ஜெட் அதற்குள் 225 கிலோமீட்டர் போய்விடும். அந்த ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் 1,59,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைவிடப் பெரியது. ஆபத்தில் சிக்கிய விமானம் நிமிடத்துக்கு ஒரு தரம் தானாகவே இடத்தைச் சொல்லும் கருவியைப் புதிய பெரிய விமானங்களில் கட்டாயமாக்கியிருப்பது அதனால்தான். ஒரு நிமிடத்தில் 15 கிலோமீட்டர், வட்டம் 700 சதுர கிலோமீட்டர். கோவிலூரை நடுவில் வைத்து அந்த வட்டத்தைப் போட்டால் காரைக்குடியும் அதைச் சுற்றிய ஊர்களும் அடங்கும். மதுரையும் தஞ்சாவூரும் வெளியே போய்விடும்.

413-ஆம் ஸ்குவாட்ரன் இன்று கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் தேடல்-மீட்புப் படையாக இருக்கிறது. அதன் சின்னத்தில் இருப்பது யானைத் தலை, இலங்கையின் நினைவாக. அவர்கள் தேடும் மீன்பிடிக் கப்பலும் பயணிகள் விமானமும் தன் இடத்தைக் கத்திச் சொல்லலாம். போர்க்கால ரோந்து விமானம் அப்படிச் சொல்ல முடியாது. அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்து பறக்கும் பி-8ஐ விமானங்கள் ஜெட் வேகத்தில் போகின்றன, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் எட்டும் ரேடார் வைத்திருக்கின்றன, துழாவு அகலம் கேட்டலினாவைப்போல் பல மடங்கு. ஆனால் ரேடாரைப் போட்டால் அதன் அலை எதிரியின் கருவிக்கும் எட்டும். வானொலியில் பேசினால் எதிரிக்கும் கேட்கும். எப்போது பேசுவது, எவ்வளவு நேரம் பேசாமலிருந்தால் தளத்தில் இருப்பவர் கவலைப்படத் தொடங்க வேண்டும் என்பதைக் கிளம்பும் முன்பே ஏற்பாடு செய்துகொண்டுதான் போக வேண்டியிருக்கிறது.